குமராட்சிக்குப் பக்கத்தில் ஆறு கொக்குகள்

காலை 4.30. கடலூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. பொங்கல் முடிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. ஊர் முழுக்கத் தின்ற அசதியில் தூங்கிக்கொண்டிருந்தது. வண்டியில் என்னோடு சேர்த்து ஒன்பது பேர்தான். நடத்துநர் முப்பத்தைந்து ரூபாயை வாங்கிக்கொண்டு சீட்டைக் கிழித்து என் இடது பக்கமாக நீட்டினார். நான் வாங்கவில்லை. "சார், டிக்கெட்டு" என்று இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் அங்கே ஒரு கை இருப்பது எனக்குத் தெரிந்தது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் இடது கண் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கண்ணுக்குள் நீர் அழுத்தம் என்றார்கள். வலி கிடையாது, சிவப்புக் கிடையாது, சொல்லாமல் கொள்ளாமல் போயிற்று. இப்போது வலது கண்ணிலும் அதே வேலை நடக்கிறது. ஓரமெல்லாம் போய், நடுவில் ஒரு வட்டம் மட்டும் மிச்சம் இருக்கிறது. அந்த வட்டத்துக்கு வெளியே இருட்டுகூட இல்லை, ஒன்றுமே இல்லை. ஆட்கள் என்னை நோக்கி நடந்து வருவதை நான் பார்ப்பதே கிடையாது. திடீரென்று பக்கத்தில் இருப்பார்கள்.

தொழில் தையல். மஞ்சக்குப்பத்தில் சின்னக் கடை, முப்பத்திரண்டு வருஷமாக. புதுச்சேரியில் கண் டாக்டரம்மா போன ஐப்பசியிலேயே சொல்லிவிட்டார்: "இருக்கற பார்வையக் காப்பாத்தணும்னா ஆபரேஷன்தான். ஒண்ணுமில்ல, உள்ள சின்னதா ஒரு தையல் போடுவோம். அசையாம இருந்தீங்கன்னா வலிக்கவே வலிக்காது." தையல் என்ற வார்த்தைதான் என்னை நிறுத்தியது. ஊசி துணிக்குள் எப்படிப் போகும், எப்படி வரும் என்று தெரியாதவன் பயப்படாமல் இருக்கலாம். எனக்குத் தெரியுமே! தீபாவளி ஆர்டர் இருக்கிறது என்று ஒரு தடவை தள்ளிப்போட்டேன். பொங்கல் ஆர்டர் என்று இன்னொரு தடவை. இந்தச் செவ்வாய்க்கிழமை மூன்றாவது தேதி. "இதுக்கு மேல தள்ளினா நான் பொறுப்பில்ல" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். என் மனைவி வசந்தா கேட்டபோது, "ஞாயித்துக்கிழமை பறவை பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றேன். வேண்டாம் என்று சொல்லத்தான் போகிறேன் என்பது அவளுக்கும் தெரியும். கட்டுச்சோற்றைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பறவை பார்க்கும் பழக்கமும் கண்ணால் வந்ததுதான். பல வருஷத்துக்கு முன்பு வேறொரு டாக்டர், கிட்டத்திலேயே பார்த்துத் தைக்காதீர்கள், தினம் கொஞ்ச நேரம் தூரத்தைப் பாருங்கள் என்றார். தூரத்தைப் பார்க்கத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனேன். தூரத்தில் ஆலாப் பறவைகள் பறந்தன. அப்படியே ஒட்டிக்கொண்டது. இரண்டு குழல் உள்ள தொலைநோக்கியை இப்போது ஒரு குழலில்தான் பார்க்கிறேன். மற்றொன்று இலவச இணைப்பு.

முதுநகர் தாண்டியதும் உப்பனாற்றுச் சேற்று வாடை ஜன்னல் வழியாக ஏறியது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று ஊர்கள் பனிக்குள் பெயர்ப்பலகையாக மட்டும் வந்து போயின. வெள்ளாற்றுப் பாலத்தில் தண்ணீர் தெரியவில்லை, பாலத்தின் கைப்பிடிகூட ஒரு பக்கம்தான் தெரிந்தது. அது பனியா, என் கண்ணா என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்க வெட்கமாக இருந்தது.

காலை 5.45. சிதம்பரம். கடலூரிலிருந்து சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். பேருந்து நிலையத்தில் கொசு மட்டும் சுறுசுறுப்பாக இருந்தது. ஆறு மணிக்குக் குமராட்சி மினி பஸ். பதினான்கு கிலோமீட்டர், பன்னிரண்டு ரூபாய். டிரைவர் முன்கண்ணாடியை ஒரு துண்டால் துடைத்துக்கொண்டே ஓட்டினார். இருபுறமும் வயல். சம்பா அறுப்புக்கு நிற்கிறது என்று சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது வெள்ளை மட்டும்.

ஏரியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. வீராணம் இல்லை, அதைவிடச் சின்னது என்பதோடு விடுங்கள். ஏன் எழுதவில்லை என்பது போகப்போகப் புரியும். என்னிடம் சட்டை தைக்கும் ஒரு கல்லூரி வாத்தியார்தான் அதைச் சொன்னவர். தை மாதத்தில் கொக்கும் நாரையும் நிற்க இடம் போதாமல் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நிற்கும், சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது கேட்காது என்றார். அவர் அதைப் பார்த்தது நாலைந்து வருஷத்துக்கு முன்பு.

காலை 6.30. குமராட்சி கடைத்தெருவில் ஒரு டீக்கடை திறந்திருந்தது. கடைக்காரர் டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டு என் கழுத்தையே பார்த்தார்.

"டெய்லருங்களா?"

கையை வைத்துப் பார்த்தேன். அளவு எடுக்கும் டேப் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தூக்கத்தில் எழுந்து சட்டை போட்டதும் கை தானாக அதையும் மாட்டிவிட்டிருக்கிறது. மூக்குக் கண்ணாடியை மறந்தாலும் மறப்பேன், இதை மறப்பதில்லை.

"ஆமாங்க. கடலூர்ல கடை."

"யாரு வூட்டுக்கு?"

"யாரு வீட்டுக்கும் இல்ல. ஏரிக்கு. பறவைப் பார்வைக்கு வந்திருக்கேன்."

பறவை பார்க்கிற ஆட்கள் இதற்கு அழகான சொற்களெல்லாம் வைத்திருக்கிறார்கள். எனக்கு வாயில் வருவது இதுதான். கண்காட்சிக்குப் போகிறேன் என்பது மாதிரி, பறவைப் பார்வைக்குப் போகிறேன். கடலூரில் இதைக் கேட்டு யாரும் முகம் சுளித்ததில்லை.

டீக்கடைக்காரர் பதில் சொல்லாமல் உள்ளே போனார். என் இடது பக்கம் ஒரு டம்ளர் பெஞ்சில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. திரும்பினால் முப்பது வயதுக்காரர் ஒருவர் எனக்கு ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தாரோ, முதலிலிருந்தே இருந்தாரோ.

"பார்வைக்கா வந்திருக்கீங்க?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஆமா."

"டெய்லரு. பார்வைக்கு." இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். "அப்ப மாமா சொன்ன ஆளு நீங்கதானா! புவனகிரி பக்கத்துலேந்து வருவாருன்னாரு."

"நான் கடலூருங்க."

"எங்கேந்து வந்தா இன்னா? ஏறுங்க, உட்டுட்டு வரேன்."

அவர் பெயர் பக்கிரி. டீக்குக் காசு கொடுக்கவும் விடவில்லை. பறவை பார்க்கிறவர்களுக்கு இந்த ஊரில் இவ்வளவு மரியாதையா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு முன்னால் வந்த யாரோ நல்ல பெயர் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவருடைய மொபெட்டில் ஏறினேன்.

நாலு கிலோமீட்டர் மண் ரோடு. பாதி பேச்சு காற்றில் போயிற்று.

"அந்தக் கெழவரு செத்ததுலேந்து ஆளே கெடைக்கலீங்க."

"எந்தக் கிழவர்?"

"பார்வைக்குப் பாக்குறவரு. அவரும் டெய்லருதான். அவ்ளோ சுத்தமான கை. ஒரு பொட்டு ரத்தம் வராது."

ரத்தம் என்பது காதில் விழுந்தது. வேறு ஏதாவது சொல்லியிருப்பார், எனக்குத்தான் சரியாகக் கேட்கவில்லை என்று விட்டுவிட்டேன். என்னைக் கரையடியில் இறக்கிவிட்டு, "மாமா அங்கதான் இருப்பாரு, நீங்க ஒக்காருங்க, அவரே வருவாரு" என்றார். வண்டிச் சத்தம் தேய்ந்து போயிற்று.

காலை 6.55. கரை ஏறினேன்.

ஏரி இருந்தது. சத்தம் இல்லை. பறவை பார்க்கிறவன் முதலில் காதால்தான் பார்ப்பான். தாமரை இலைக்குள் தாழைக்கோழி உறுமும், நாமக்கோழி தண்ணீரை உதைத்துக்கொண்டு ஓடும், கரையோரம் ஆட்காட்டிக் குருவி ஆளைக் கண்டதும் ஊரைக் கூட்டும். ஆளைக் காட்டிக்கொடுப்பதால்தான் அதற்கு அந்தப் பெயர். ஒரு ஏரிக்கரையில் ஏறி நின்று, ஆட்காட்டி என்னைத் திட்டாமல் இருந்தது அன்றைக்குத்தான். கிடக்கட்டும், குளிரில் எல்லாம் ஒடுங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது.

நெய்வேலிக் காட்டாமணக்குப் புதருக்கு முன்னால், முழங்கால் தண்ணீரில், கொக்குகள் நின்றன. வெள்ளை என் கண்ணுக்கு நல்லது. பனிக்குள்ளும் அது மட்டும் பளிச்சென்று பிரியும். தொலைநோக்கியை வலது கண்ணில் வைத்து ஒவ்வொன்றாக வட்டத்துக்குள் கொண்டுவந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறு கொக்குகள். இதற்காகவே கடலூரிலிருந்து வந்தேன் என்று மனசு நிறைந்தது. இதுதான் கடைசியாகப் பார்க்கும் கொக்காக இருந்தாலும் பரவாயில்லை என்றுகூட நினைத்தேன்.

7.10. ஆறும் அப்படியே நின்றன.

7.20. அப்படியே.

கொக்கு பொறுமைசாலிதான். ஆனால் கழுத்து சும்மா இருக்காது. ஒரு பக்கம் சாயும், நீளும், குறுகும். கால் மாற்றும். இவை மாற்றவில்லை. இன்னொன்றும் உறுத்தியது. வாடைக்காற்று சன்னமாக அடித்துக்கொண்டிருந்தது. காற்றில் நிற்கும் பறவைகள் எல்லாம் காற்றைப் பார்த்துத்தான் நிற்கும், இல்லாவிட்டால் இறகு கலைந்துபோகும். இந்த ஆறில் ஒன்று மட்டும் காற்றைப் பார்த்து நின்றது. மற்ற ஐந்தும் ஆளுக்கு ஒரு திசையில் நின்றன. ஒன்றின் முதுகு இறகு காற்றில் பின்பக்கமாகப் பிரிந்து பிரிந்து விழுந்தது. அது திரும்பவில்லை.

பிளாஸ்டிக் பொம்மையாக இருக்குமோ என்று பார்த்தேன். அப்போது ஒன்று மெதுவாகத் தலையை ஆட்டியது. தூங்கி வழிகிறவன் தலை மாதிரி. அவை உயிரோடுதான் இருந்தன. பொம்மையாக இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

"எவ்ளோ நேரமா பாக்குறீங்க?"

இடது காதருகே குரல். நான் போட்ட சத்தத்துக்குக் கரையில் இருந்த தவளை ஒன்று தண்ணீரில் குதித்தது. வேட்டியை மடித்துக்கட்டிய ஒருவர் எனக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். ஐம்பது வயது இருக்கும். முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. அவருக்குப் பின்னால் இலை தழையால் ஒரு மறைப்பு. இவ்வளவு நேரமும் அதற்குள்தான் இருந்திருக்கிறார், நான் அதை ஒரு புதர் என்று நினைத்து அதன் மேல் பையை வேறு சாய்த்து வைத்திருக்கிறேன்.

"மெதுவா பேசுங்க. எறங்குற நேரம்" என்றார். "பக்கிரி போன் பண்ணான். நான் கலியமூர்த்தி. ரொம்ப தூரத்துலேந்து வந்துட்டீங்க, சங்கடமா இருக்கு."

"பரவால்லீங்க. அந்தக் கொக்கெல்லாம் ஏன் இப்படி…"

"அதக் காட்டத்தான்." எழுந்து சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்கினார். கொக்குகளை நோக்கி ஒரு மனிதர் நேராக நடந்து போகிறார், ஒன்றும் பறக்கவில்லை. குனிந்து தண்ணீருக்குள் எதையோ அவிழ்த்து, ஒரு கொக்கைத் தேங்காய் எடுப்பதுபோல் எடுத்துக்கொண்டு வந்தார். அலகை ஒரு கையால் பிடித்து, தலையை என் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

"பாருங்க. நூலு எறுகிடுச்சு. சீழ் வெச்சிருக்கு."

கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு இருந்தது. கீழ் இமையில் ஊசி ஏற்றி, நூலை உச்சந்தலைக்கு மேலே கொண்டுபோய், இரண்டு கண்ணின் நூலையும் சேர்த்து முடிந்திருந்தார்கள். இழுத்து முடிந்தால் இமை மேலே ஏறிக் கண்ணை மூடிவிடுகிறது. வெள்ளை நூல். நான் தினமும் சட்டைக்குப் போடும் அதே நூல். முடிச்சும் எனக்குத் தெரிந்த முடிச்சுதான், பொத்தான் வைத்து முடிக்கும்போது நாங்கள் போடுவது.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

கலியமூர்த்தி என்னை விநோதமாகப் பார்த்தார். "பார்வைங்க. இதத்தான பார்வைன்னு சொல்றது. இத நிக்க வெச்சா, மேல போற கொக்கு பாத்துட்டு, எடம் நல்ல எடம்னு எறங்கும், வலையப் போட்டுப் புடிச்சுடலாம். கண்ணு தெரிஞ்சா பார்வை நிக்காது, மெரண்டு படபடன்னு அடிச்சுக்கும். கண்ண மூடிட்டா கம்முனு நிக்கும்." பிறகு சந்தேகத்தோடு, "நீங்க பார்வைக்குத்தான வந்தீங்க?" என்றார்.

அப்போது எனக்கு எல்லாம் விளங்கியது. டீக்கடையில் இறங்கிய மௌனம், இலவச டீ, கிழவர், ஒரு பொட்டு ரத்தம். கண்ணைத் தைக்க ஒரு டெய்லர் வருவான் என்று இவர் காத்திருந்தார். கழுத்தில் டேப்போடு வந்து நான் பார்வைக்கு வந்திருக்கிறேன் என்று என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன்.

இல்லை என்று சொல்லி எழுந்து ஓடியிருக்கலாம். எங்கே ஓடுவது? மண் ரோடு எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அதைவிட, அந்தக் கோட்டை விட்டு என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. மிச்சமிருக்கும் வட்டத்துக்குள் அது மட்டுமே இருந்தது.

"பழசெல்லாம் பிரிச்சுட்டுப் புதுசா போட்டுடுங்க" என்றார் கலியமூர்த்தி. மடியிலிருந்து ஊசியையும் ஒரு நூல் கண்டையும் எடுத்து என் முன்னால் வைத்தார். "ஒண்ணொண்ணா கொண்டாரேன். நான் கெட்டியா புடிச்சுக்கறேன். அசையாம இருந்தா அதுக்கு வலிக்கவே வலிக்காது."

டாக்டரம்மா சொன்ன அதே வார்த்தை. அவர் சிரித்துக்கொண்டு சொன்னார், இவர் உண்மையாகவே இரக்கப்பட்டுச் சொன்னார்.

சட்டைப் பையில் நூல் வெட்டும் சின்னக் கட்டர் எப்போதும் இருக்கும். எடுத்தேன். தைக்கத்தான் கண் வேண்டும், பிரிக்க விரல் போதும் என்று முப்பத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவன் நான். ஆனால் துணிக்கு அடியில் மேசை இருக்கும். இங்கே நூலுக்கு அடியில் கண் இருக்கிறது. உச்சந்தலை முடிச்சை விரலால் தடவித் தூக்கி அறுத்தேன். அது சுலபம். பிறகு இமைக்குள் ஓடும் இழை. ஈரத்தில் ஊறிச் சதையோடு ஒட்டியிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நகத்தால் கிள்ளி உருவினேன். கொக்கு உடம்பு முழுக்க ஒரு தடவை அதிர்ந்தது. கீழ் இமை மெதுவாக இறங்கியது.

மஞ்சள் கண். நடுவில் கறுப்புப் பொட்டு. அது என்னைப் பார்த்தது. கண்ணைத் திறந்ததும் அது பார்த்த முதல் பொருள் என் முகம். எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை. கலியமூர்த்தி நீர் வடியும் கண் என்று நினைத்திருப்பார்.

ஒன்று முடிந்ததும் மூங்கில் கூடையைக் கவிழ்த்து அதற்குள் விட்டார். அடுத்ததைக் கொண்டுவந்தார். அதில் ஒன்றுக்கு ஒரு கண் உள்ளேயே போயிருந்தது. நூலை எடுத்த பிறகும் வெள்ளையாகத்தான் இருந்தது. என்னைப்போல, இடது கண். வேலை நடக்கும்போது அவர் பேசிக்கொண்டே இருந்தார். தகப்பனார் காலத்திலிருந்து நெல் வேலைதான், இது அறுப்பு இல்லாத நாளில் பழகியது. முன்னெல்லாம் காலையில் இருபது முப்பது இறங்கும். இப்போது ஒன்றும் இல்லை.

"எப்போலேந்து?"

"நாலு மாசமா ஒண்ணுகூட எறங்கலீங்க. மேலயே போவுது. இந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டேங்குது. தாழைக்கோழி, நாமக்கோழி எல்லாம் எங்க போச்சுன்னே தெரியல."

"அப்புறம் ஏன் தினம் வர்றீங்க?"

அவர் யோசித்தார். "விடிஞ்சா கால் தானா வந்துடுதுங்க" என்றார்.

காலை 8.15. ஐந்து பறவை, பத்துக் கண். கட்டரைத் துடைத்துப் பையில் போட்டேன்.

"இப்ப தையுங்க" என்று ஊசியை நீட்டினார்.

"எனக்கு ஊசிக் காது தெரியாது" என்றேன். அது பொய் இல்லை. இரண்டு வருஷமாக வசந்தாதான் நூல் கோத்துக் கொடுக்கிறாள். "என் இடது கண்ணுல பார்வை இல்ல. வலதும் போய்க்கிட்டிருக்கு."

கலியமூர்த்தி தன் கையை என் இடது பக்கம் ஆட்டிப் பார்த்திருக்கிறார் போல. எனக்குக் காற்றுத்தான் தெரிந்தது.

"டெய்லருன்னீங்களே!"

"டெய்லருதான். ஆனா நீங்க எதிர்பார்த்த டெய்லர் நான் இல்ல. நான் கொக்கப் பாக்க வந்தேன். சும்மா பாக்க."

"சும்மா பாக்கறதுக்கா? கடலூர்லேந்தா?" அவருக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் ஜாஸ்தியாக இருந்தது. இனி என்ன ஆனாலும் சரி என்று கூடையைத் தூக்கி எறிந்தேன். அவர் பாய்ந்து பிடிப்பார், கை நீட்டி அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தால் அவர் குந்திய இடத்திலேயே இருந்தார். ஐந்து கொக்குகளும் கூடை இருந்த வட்டத்துக்குள் அப்படியே நின்றன. கயிறு இல்லை, தையல் இல்லை, பத்தில் ஒன்பது கண் திறந்திருக்கிறது. நான் கையைத் தட்டினேன். "போ, போ" என்று கத்தினேன். என் சத்தம் ஏரியைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. அவை நகரவில்லை.

"போவாதுங்க" என்றார் கலியமூர்த்தி மெதுவாக. "அந்தக் கெழவரும் இதே வேலைதான் செஞ்சாரு. ரெண்டு வருஷத்துக்கு முன்ன ஒருநா, எல்லாத்தையும் பிரிச்சு உட்டுட்டு இனிமே தைக்கமாட்டேன்னுட்டு எழுந்து போயிட்டாரு. அதுக்கப்புறம் அவரு வரவே இல்ல, இதுங்கள அவரு முடிச்சப் பாத்து நானே தச்சேன், அதான் சீழ் வெச்சிடுச்சு. அன்னிக்குப் பிரிச்சதுல ஒண்ணுதான் அது."

தண்ணீரைக் காட்டினார். நான் மறந்தே போயிருந்தேன். ஐந்தைக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார், ஆனால் நான் எண்ணியது ஆறு. ஆறாவது கொக்கு காட்டாமணக்குக்கு முன்னால், காற்றைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது. தொலைநோக்கியில் பார்த்தேன். கண் திறந்திருந்தது. காலைச் சுற்றி ஒன்றும் இல்லை.

"நான் அஞ்சுதான் வெக்கறேன். அது தானா வந்து இதுங்களோட நிக்குது. சாயந்திரம் நான் போனதும் போவும், விடிஞ்சா வந்துடும். இவ்ளோ பெரிய ஏரி. கண்ணும் தெரியுது. இன்னா செய்யச் சொல்றீங்க?"

அந்தக் கொக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது கட்டப்படவில்லை. அது என்னை மாதிரி இருந்தது. ஐப்பசியிலிருந்து நான் நிற்பதும் இப்படித்தான். கண்ணில் மிச்சம் இருக்கும்போதே, யாரும் பிடித்து வைக்காமலே, கண் போகும் இடத்தில் நின்றுகொண்டு, தீபாவளி, பொங்கல் என்று காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதை அங்கேயே வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன். கலியமூர்த்திக்குப் புரிந்ததா தெரியாது. "கண்ணுக்கு வைத்தியம் பாத்துக்கங்க" என்றார்.

8.40க்கு எங்கோ ஒரு ஆட்காட்டி கத்தியது. அன்று காலையில் நான் கேட்ட முதல் பறவைக் குரல். கரையில் நின்ற ஐந்தில் ஒன்று கழுத்தை நீட்டியது. இறகை விரித்துப் பார்த்தது, தன்னுடையதுதானா என்று சரிபார்ப்பதுபோல. பிறகு எழும்பிற்று. பின்னாலேயே இன்னும் இரண்டு. தாழப் பறந்து பனிக்குள் போய்விட்டன. மற்ற இரண்டும் நடந்து தண்ணீருக்குள் இறங்கி, ஆறாவது கொக்குக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டன. அதில் ஒன்று அந்த ஒற்றைக் கண் கொக்கு.

கலியமூர்த்தி கூடையைத் தூக்கவில்லை. மறைப்புக்குள்ளும் போகவில்லை. பிரித்த நூல் துண்டுகள் கரையில் கிடந்தன, அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டார். "இந்தத் தடத்துலயே போங்க, ரோடு வரும். எடது பக்கம் வாய்க்கா இருக்கு, உங்களுக்குத் தெரியாது, பாத்து" என்று சொன்னார். நான் கரையில் பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோதும் அவர் அங்கேயேதான் நின்றார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு.

காலை 10.20. குமராட்சியிலிருந்து சிதம்பரத்துக்குத் திரும்ப மினி பஸ். வெயில் ஏறிப் பனி விலகியிருந்தது. வயல் உண்மையிலேயே அறுப்புக்கு நின்றது, பொன் நிறம். கட்டுச்சோற்றைப் பிரிக்கவில்லை. வசந்தாவுக்கு போன் போட்டு, "செவ்வாய்க்கிழமைக்குப் பையக் கட்டி வை" என்றேன். அவள் எதற்கு என்று கேட்கவில்லை. "நெறைய பறவையா?" என்றாள். "ஆறு" என்றேன்.

திங்கட்கிழமை வனத்துறை அலுவலகத்துக்குப் போய், பார்த்ததை வசந்தாவின் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். கலியமூர்த்தியின் பெயரை எழுதும்போது அவள் கையைப் பிடித்து நிறுத்தலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நிறுத்தவில்லை. ஏரிக்கு வழி கேட்டு யாரும் கிளம்பிவிடக் கூடாது என்றுதான் இங்கே அதன் பெயர் இல்லை.

செவ்வாய்க்கிழமை புதுச்சேரியில் ஆபரேஷன் நடந்தது. அசையாமல் படுத்திருந்தேன். வலிக்கவில்லை, டாக்டரம்மா பொய் சொல்லவில்லை. ஆனால் தையல் போடும்போது எனக்குத் தெரிந்தது. எத்தனை தையல் என்றுகூட எண்ணினேன், இரண்டு. அந்த இரவு முழுக்கக் கட்டுப்போட்ட கண்ணுக்குள் கொக்கு நின்றது.

மறுநாள் காலை நர்ஸ் வந்து கட்டை அவிழ்த்து, கண்ணைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். ஜன்னல் தெரிந்தது. அதே வட்டம்தான், ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. போனது வராது, இருப்பது நிற்கும் என்றார்கள். அது போதும். ஆனால் நான் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தபடி இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வசந்தா பையோடு வாசலில் நின்றதும் எனக்குத் தெரியாது.

"என்ன சார், அப்படியே ஒக்காந்துட்டீங்க?" என்றார் நர்ஸ் சிரித்துக்கொண்டே. "எழுந்திருங்க. உங்கள யாரும் கட்டிப் போடலயே."

எழுந்து நடந்தேன்.